சுவீடனில் கட்டாய இராணுவச் சேவை: கைவிட்டதும் மீட்டதும்

கட்டாய இராணுவச் சேவை என்பது, குறிப்பிட்ட வயதை அடைந்த குடிமக்கள் தம் விருப்பு வெறுப்பைப் பாராமல் சில காலம் படையில் பயிற்சி பெற்றுப் பணிபுரிய வேண்டும் என்று சட்டம் விதிக்கும் முறையாகும். ஐரோப்பாவின் வடபகுதியில், ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் வாழும் சுவீடனில் இம்முறை 1901-ஆம் ஆண்டு முதல் 2010 வரை தொடர்ந்து நடைமுறையில் இருந்தது. 2010 ஜூலை 1 அன்று அது நிறுத்தப்பட்டது. ஏழு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 2017 மார்ச் 2 அன்று சுவீடன் அரசு அதை மீண்டும் நடைமுறைப்படுத்த முடிவு செய்தது.

கைவிட்ட கட்டாயச் சேவையை ஒரு நாடு மீண்டும் கொண்டுவரலாமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகிறது. அதற்குச் சுவீடன் நல்ல எடுத்துக்காட்டு. காரணம், அங்கே இரண்டு முடிவுகளும் ஒரே தலைமுறைக்குள் எடுக்கப்பட்டன. இரண்டும் வெளிப்படையான விவாதத்துக்குப் பின் எடுக்கப்பட்டன. ஆனால் 2010-இல் நிறுத்தப்பட்டதும் 2018-இல் மீண்டும் தொடங்கியதும் ஒன்றல்ல. பெயரும் சட்டமும் ஒன்றுதான், உள்ளடக்கம் வேறு. இதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கிராமம் வளர்த்த சிப்பாய்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், பதினோராம் கார்ல் மன்னர் காலத்தில், சுவீடனில் ஒரு தனித்தன்மையான படைமுறை உருவாக்கப்பட்டது. சில பண்ணைகள் சேர்ந்து ஒரு குழுவாக அமைக்கப்படும். அக்குழு ஒரு சிப்பாயை வைத்துக் காப்பாற்ற வேண்டும். அவருக்கு ஒரு சிறு வீடும் பயிரிடக் கொஞ்சம் நிலமும் கொடுக்கப்படும். அமைதிக் காலத்தில் அவர் நிலத்தை உழுது பிழைத்துக்கொள்வார். அணிவகுப்புக்கும் போருக்கும் அழைப்பு வந்தால் புறப்படுவார். விவசாயிகளைப் பொறுத்தவரை இது ஒருவகைக் காப்பீடு. சிப்பாய் ஒருவரை அவர்கள் பராமரித்தால் அவர்களுடைய பிள்ளைகள் படைக்குப் போக வேண்டியதில்லை.

இம்முறை விட்டுச்சென்ற ஒரு சுவடு இன்றும் சுவீடனில் காணப்படுகிறது. அக்காலக் கிராமங்களில் ஆண்டர்சன், யோஹான்சன் என்ற பெயர்களே நிறைந்திருந்ததால் ஒரே படைப்பிரிவில் பல ஆண்டர்சன்கள் நிற்பார்கள். குழப்பத்தைத் தவிர்க்கச் சிப்பாய்களுக்குச் சுருக்கமான புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. 'விரைவானவன்', 'துணிந்தவன்', 'எஃகு', 'வாள்' எனப் பொருள்படும் அப்பெயர்கள் பின்னாளில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

1808-09 போரில் சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தை இழந்தது. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போன அந்தத் தோல்விக்குப் பின், 1812-இல் இளைஞர் அனைவருக்கும் படைப்பயிற்சி என்ற கொள்கை முதன்முதலாகச் சட்டமாயிற்று. ஆனால் பயிற்சி ஆண்டில் சில நாட்களே நடந்தது. மேலும், பணம் உள்ளவர் தமக்குப் பதிலாக வேறொருவரைக் கூலிக்கு அனுப்பலாம் என்ற வசதியும் நெடுங்காலம் இருந்தது. அனைவருக்கும் பொதுவான கடமை என்று ஏட்டில் எழுதிவிட்டு ஏழையின் தலையில் அதைச் சுமத்தும் வழக்கம் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அக்காலத்தில் இருந்ததுதான்.

1901-ஆம் ஆண்டுச் சட்டமும் வாக்குரிமையும்

1901-இல் பழைய கிராமச் சிப்பாய் முறை ஒழிக்கப்பட்டு, உடல்தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் கட்டாய இராணுவச் சேவை விதிக்கப்பட்டது. காலாட்படையில் பயிற்சிக் காலம் 240 நாட்கள். அந்நாளில் சுவீடனில் வாக்குரிமை சொத்தும் வருமானமும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. தொழிலாளியும் கூலி விவசாயியும் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம், வாக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்ற நிலை.

இந்த முரண்பாட்டை வாக்குரிமை இயக்கத்தினர் சரியாகப் பிடித்துக்கொண்டனர். 'ஒரு மனிதன், ஒரு துப்பாக்கி, ஒரு வாக்கு' என்பது அக்கால முழக்கம். துப்பாக்கியை எங்கள் கையில் கொடுத்தால் வாக்குச்சீட்டையும் கொடுங்கள் என்ற வாதத்துக்கு ஆளும் தரப்பால் எளிதில் மறுமொழி சொல்ல முடியவில்லை. 1909-இல் ஆண்களுக்குப் பரந்த வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு முள் வைக்கப்பட்டிருந்தது. படைச் சேவையை முடிக்காதவர் வாக்களிக்க முடியாது என்று விதித்தார்கள். அவ்விதி 1920களில்தான் நீங்கியது.

1921 தேர்தலில் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தனர். அவர்கள் யாரும் துப்பாக்கி ஏந்தவில்லை. குடியுரிமைக்கும் ஆயுதத்துக்கும் இடையே போடப்பட்டிருந்த முடிச்சு அன்றோடு அவிழ்ந்தது எனலாம். படைச் சேவையே குடிமகனை உருவாக்குகிறது என்று பின்னாளிலும் பேசியவர்கள் இந்த ஆண்டை மறந்துவிட்டே பேசினார்கள்.

விவசாயிகளின் ஊர்வலம்

சேவைக் காலம் எத்தனை நாள் என்பது சுவீடனில் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்திருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, கார்ல் ஸ்டாவ் தலைமையிலான லிபரல் அரசு பாதுகாப்புச் செலவில் சிக்கனம் காட்டியது. ரஷ்யாவைக் கண்டு அஞ்சிய பழமைவாதிகள் சேவைக் காலத்தை நீட்டிக்கக் கோரினர். 1914 பிப்ரவரி 6 அன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 30,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஸ்டாக்ஹோம் அரண்மனைக்கு ஊர்வலமாக வந்தனர். ஐந்தாம் குஸ்தாவ் மன்னர் அரண்மனை முற்றத்தில் அவர்கள் முன் தோன்றி, தம் அமைச்சரவையின் கொள்கைக்கு மாறாக, அவர்கள் பக்கம் நின்று பேசினார். அந்த உரையை எழுதியதில் பெரும்பங்கு, திபெத்திலும் நடு ஆசியாவிலும் பயணம் செய்து புகழ்பெற்ற ஸ்வென் ஹெடினுடையது.

இரண்டு நாள் கழித்துத் தொழிலாளர்கள் இன்னும் பெரிய எதிர் ஊர்வலம் நடத்தினார்கள். மன்னர் அரசியல் பேசலாமா என்ற கேள்வியில் ஸ்டாவ் அரசு பதவி விலகியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டதும் சேவைக் காலம் நீட்டிக்கப்பட்டது. மன்னர் நேரடியாக அரசியல் செய்த காலமும் சில ஆண்டுகளில் முடிந்துபோனது.

மனச்சான்றின் அடிப்படையில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுப் பணியை அனுமதித்தது. அக்காலத்துக்கு இது முன்னோடியான ஏற்பாடு. ஆயினும் மாற்றுப் பணியின் காலம் படைச் சேவையைவிட நீண்டதாக வைக்கப்பட்டது. மாற்றுப் பணியையும் ஏற்க மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் இப்படித் திரும்பத் திரும்பச் சிறை சென்றதைத் தொடர்ந்து, 1966 முதல் அவர்களை அழைப்பதையே அரசு விட்டுவிட்டது.

எல்லாரும் போன காலம்

இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்தது. அண்டை நாடுகளான நார்வேயும் டென்மார்க்கும் 1940-இல் ஜெர்மனியிடம் வீழ்ந்தன. பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் போரிட்டது. சுவீடனின் ஆண்கள் மாதக்கணக்கில் எல்லைகளில் காவல் நின்றார்கள். போர் முடிந்தபின் வந்த பனிப்போர்க் காலத்தில்தான் கட்டாயச் சேவை அதன் முழு உருவத்தை அடைந்தது. எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு தன் பலத்திலேயே நிற்க வேண்டும் என்பது கொள்கை. ஆண்டுதோறும் 40,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பயிற்சி பெற்றனர். பயிற்சி முடித்தவர்கள் வீடு திரும்பி வேலைக்குப் போனாலும் படைப்பட்டியலில் நீடித்தனர். சில ஆண்டுகளுக்கொரு முறை மறுபயிற்சிக்கு அழைக்கப்பட்டனர். போர் வந்தால் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேரைத் திரட்ட முடியும் என்ற ஏற்பாடு இருந்தது. அன்று நாட்டின் மக்கள்தொகையே எண்பது இலட்சத்தை ஒட்டித்தான்.

அந்தச் சேவையைச் சுவீடியர்கள் பேச்சு வழக்கில் 'லும்பென்' என்றார்கள். வங்கி அதிகாரியின் மகனும் மரம் வெட்டுபவரின் மகனும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். வியாழக்கிழமை தோறும் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் சாப்பிட்டார்கள். 1932 முதல் வெளிவரும் '91:ஆன் கார்ல்சன்' என்ற சித்திரத் தொடரின் நாயகன் ஓர் அப்பாவிக் கட்டாயச் சேவை வீரன்; '91' என்பது அவனுடைய எண். ஒரு நாட்டில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் அனுபவித்த ஒன்று இருந்தால்தான் அதைப் பற்றிய நகைச்சுவை பல தலைமுறை ஓடும்.

இந்த அனைவருக்குமான தன்மை இன்னொரு எதிர்பாராத பயனையும் தந்தது. பதினெட்டு வயதில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் உயரம், எடை, இதயம், செவி, அறிவுத்திறன் எனப் பரிசோதிக்கப்பட்டதால், அப்பதிவேடுகள் மருத்துவ ஆய்வுக்குப் பெருஞ்செல்வமாயின. 1969-70-இல் சேர்க்கைக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, கஞ்சாப் பழக்கத்துக்கும் மனச்சிதைவு நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரை 1987-இல் வெளிவந்தது. இன்றும் அத்துறையினர் அதை மேற்கோள் காட்டுகின்றனர். படைக்கு ஆள் எடுக்கப் போட்ட கணக்கு மருத்துவத்துக்கு உதவியது.

சட்டம் உறங்கப் போனது

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. எதிரி இல்லாத படைக்கு இத்தனை ஆட்கள் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பால்டிக் கடலின் நடுவே அமைந்த கோட்லாந்துத் தீவின் படைப்பிரிவுகூட 2005-இல் கலைக்கப்பட்டது. அழைக்கப்படுவோர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்து, 2000களின் இறுதியில் பத்தாயிரத்துக்கும் கீழே போயிற்று.

அதாவது, சட்டத்தில் எல்லா ஆண்களுக்கும் கடமை. நடைமுறையில் சிறுபான்மையினருக்கு மட்டும். போகாதவர் படிப்பிலும் வேலையிலும் ஓராண்டு முந்திக்கொள்வார். இது நியாயமா என்று கேட்டவர்களில் பழமைவாதிகளும் இருந்தனர். மற்றொரு காரணமும் சொல்லப்பட்டது. அப்போது சுவீடன் படை ஆப்கானிஸ்தான் போன்ற தொலைவிடங்களில் பன்னாட்டுப் பணிகளில் ஈடுபட்டிருந்தது. கட்டாயச் சேவையில் வந்தவரை வெளிநாட்டுக்கு விருப்பமின்றி அனுப்ப இயலாது. எனவே ஊதியம் பெறும் தொழில்முறைப் படையே ஏற்றது என்று பிரதமர் பிரெட்ரிக் ரைன்பெல்ட் தலைமையிலான நான்கு கட்சிக் கூட்டணி அரசு கருதியது.

2009 ஜூனில் இது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 153 வாக்குகளும் எதிராக 150 வாக்குகளும் விழுந்தன. நூறாண்டுக்கு மேல் நின்ற ஒரு முறை மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறுத்தப்பட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இவ்வளவு சிறிய பெரும்பான்மை போதுமா என்ற குறை அப்போதே பேசப்பட்டது. பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது அக்குறையில் பொருள் இருந்தது என்றே தோன்றுகிறது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கட்டாயச் சேவைச் சட்டம் நீக்கப்படவில்லை. அமைதிக் காலத்தில் அது செயல்படாது என்று மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாப்புக்குத் தேவை என அரசு கருதினால் மீண்டும் இயக்கலாம். இரண்டாவது இன்னும் வியப்பானது. அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த கடமை, அதே 2010 ஜூலை 1 முதல் பெண்களுக்கும் பொதுவாக்கப்பட்டது. உறங்கப் போகிற சட்டத்தில் சமத்துவத்தை எழுதுவதற்கு யாரும் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை. அது விழித்தெழும் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

தன்னார்வப் படையின் ஏழு ஆண்டுகள்

புதிய முறையில், விரும்பி வருபவர்கள் சில மாத அடிப்படைப் பயிற்சி பெற்று, முழுநேர வீரராகவோ பகுதிநேர வீரராகவோ ஒப்பந்தம் செய்துகொண்டனர். திட்டத்தின் பெரும் சுமை பகுதிநேர வீரர்கள் மீது இருந்தது. தச்சராகவோ செவிலியராகவோ கணினிப் பொறியாளராகவோ ஓர் இளைஞர் வேலை பார்ப்பார். ஆண்டில் சில வாரங்கள் படைக்கு வருவார். கேட்பதற்கு நன்றாக இருந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் தடுமாறியது. வேலை கொடுத்தவர்கள் விடுப்புத் தர விரும்பவில்லை. நல்ல வேலை கிடைத்ததும் பலர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டனர். பயிற்றுவிக்கச் செலவு செய்த ஆள் ஓரிரு ஆண்டில் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2016-இல் முழுநேர வீரர்களில் ஏறக்குறைய 1,000 பேரும் பகுதிநேர வீரர்களில் ஏறக்குறைய 7,000 பேரும் தேவையைவிடக் குறைவாக இருந்தனர்.

ஆள் பற்றாக்குறை மட்டும் இருந்திருந்தால் அரசு ஊதியத்தை உயர்த்திப் பார்த்திருக்கலாம். ஆனால் அக்காலத்தில் அடுத்தடுத்துச் சில நிகழ்ச்சிகள் நடந்தன. 2012-இன் இறுதியில், படைத் தலைமைத் தளபதி ஸ்வெர்க்கர் யோரன்சன் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், ஓர் இடத்தின் மீது வரம்புக்குட்பட்ட தாக்குதல் நடந்தால் ஏறக்குறைய ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சொன்னார். நாடே திடுக்கிட்டது. 2013 மார்ச் 29, புனித வெள்ளி இரவு, ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் போர் விமானங்களின் துணையுடன் கோட்லாந்துக்கு அருகே வந்து தாக்குதல் ஒத்திகை போலப் பறந்து திரும்பின. விடுமுறை நாளில் சுவீடன் போர் விமானம் எதுவும் தயாராக இல்லை. லித்துவேனியாவில் நின்றிருந்த டென்மார்க் விமானங்கள்தாம் எழும்பின. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோமை அடுத்த தீவுக்கூட்டத்தில் அந்நிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கடற்படை நாட்கணக்கில் தேடியது. கப்பல் அகப்படவில்லை, ஆனால் அது வந்து போனது உண்மை என்று அரசு பின்னர் அறிவித்தது.

2016 செப்டம்பரில் கோட்லாந்துக்கு மீண்டும் படை அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டவர்கள் சுமார் 150 பேர். ஒரு காலத்தில் முழுப் படைப்பிரிவு நின்ற தீவு அது.

2017-இன் முடிவு

அந்த மாத இறுதியில் அரசு நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அதைத் தயாரித்தவர் அன்னிக்கா நூர்ட்கிரென் கிறிஸ்டென்சன்; பசுமைக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். போர்வெறி பிடித்தவர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. தன்னார்வ முறையை முற்றாகக் கைவிடாமல் அதனுடன் கட்டாயத்தையும் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஹுல்ட்குவிஸ்ட் அதை ஏற்றுக்கொண்டார். 2009-இல் எதிர்த்து வாக்களித்த கட்சி அவருடையது. 2017-இலோ பழைய கூட்டணியின் பெரிய கட்சியும் இம்முடிவை எதிர்க்கவில்லை.

புதிய நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படவில்லை; உறங்கிய சட்டத்தை அரசு எழுப்பிவிட்டது. 1999-இலும் அதன் பின்னரும் பிறந்தவர்கள் இதன்கீழ் வந்தனர். பதினெட்டு வயதாகும் ஆண், பெண் அனைவரும் உடல்நலம், படிப்பு, ஆர்வம் பற்றிய இணையவழி வினாத்தாளுக்கு விடையளிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இவ்வாறு விடையளிக்கின்றனர். தொடக்கத்தில் அவர்களில் சுமார் 13,000 பேர் நேர்முகப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டு, 4,000 பேர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர் என்று திட்டமிடப்பட்டது. பயிற்சி பொதுவாக ஒன்பது முதல் பதினைந்து மாதங்கள். கைச்செலவுக்கு நாளொன்றுக்கு 146 குரோனர் என்று தொடங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மறுத்தால் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாதவர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு.

யாருடைய கடமை?

ஓர் இலட்சம் பேரில் 4,000 என்றால் நூற்றுக்கு நான்கு. பனிப்போர்க் காலத்தில் 'எல்லாரும் போனார்கள்' என்று சொல்ல முடிந்தது. இப்போது 'ஏறக்குறைய யாரும் போவதில்லை' என்று சொல்வதே பொருத்தம். கட்டாயச் சேவைக்கு ஆதரவாகப் பலரும் பழக்கதோஷத்தில் எடுத்து வைக்கும் வாதங்கள் இந்த எண்ணின் முன் நிற்பதில்லை. இளைஞர்களுக்கு ஒழுக்கம் வரும், பணக்காரரும் ஏழையும் ஒன்றாகப் பழகுவார்கள், புதிதாகக் குடியேறியவர்கள் நாட்டோடு இணைவார்கள் என்பவை அவ்வாதங்கள். நூற்றில் நால்வரைக் கூட்டிப்போய் நாட்டின் ஒழுக்கத்தைத் திருத்த முடியாது. அதுவும், அந்த நால்வர் முன்னமே உடலும் அறிவும் படிப்பும் நன்றாக உள்ளவர்கள்; தேர்வு முறையே அவர்களைத்தான் தேடுகிறது. ஒழுக்கம் போதாத இளைஞர் என்று யாரைப் பற்றிப் பெரியவர்கள் கவலைப்படுகிறார்களோ, அவர்கள் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடுவார்கள்.

ஆகவே சுவீடனின் மீட்புக்கு உண்மையான அடிப்படை ஒன்றே ஒன்று: படைக்கு ஆள் வேண்டும், விரும்பி வருபவர் போதவில்லை. ஹுல்ட்குவிஸ்டும் இந்தக் காரணத்தையே முன்வைத்தார். அந்த அளவில் வாதம் நேர்மையானது, வலுவானதும்கூட. ஏழு ஆண்டுகள் தன்னார்வ முறையை நடத்திப் பார்த்து, எண்ணிக் கணக்கிட்டு எடுத்த முடிவு அது.

2009-இல் கட்டாயச் சேவையை நிறுத்தச் சொன்னவர்களின் முதல் வாதத்துக்கு என்ன மறுமொழி என்பது வேறு கேள்வி. சிலர் மட்டும் சுமக்கும் கடமை நியாயமன்று என்றார்கள் அவர்கள். 2018-இல் அதைவிடக் குறைவான சிலர் மீது அதே கடமை வந்தது. அரசின் விடை இதுதான்: ஆர்வம் உள்ளவர்களுக்கே முதலிடம். வினாத்தாளில் விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்தே பெரும்பாலோர் எடுக்கப்படுவதால் கட்டாயம் என்பது பின்னால் நிற்கும் காவலாளி மட்டுமே என்று விளக்கினார்கள். பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் மகிழ்ச்சியோடே போகிறார்கள் என்பது உண்மை. அப்படியும் விருப்பமின்றி எடுக்கப்பட்ட ஒருவருக்கு, தம் வகுப்பில் இருந்த மற்ற இருபத்தைந்து பேரும் கல்லூரிக்குப் போகும்போது தாம் மட்டும் முகாமுக்குப் போவது ஏன் என்று கேட்க உரிமை உண்டு. 'நீ தகுதியானவன் என்பதால்' என்பதே அவருக்குக் கிடைக்கும் பதில். தகுதிக்குப் பரிசு கொடுத்துப் பழகிய சமூகத்தில் தகுதிக்குச் சுமை கொடுப்பது எளிதில் செரிக்கும் பதிலன்று. பயிற்சிக்குச் செல்வோர் எண்ணிக்கை பெருகப் பெருக, விருப்பமில்லாதவர்களின் பங்கும் கூடும் என்பது வெளிப்படை.

பெண்களைப் பொறுத்தவரை, பயிற்சி பெறுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். சட்டம் சமமாக இருந்தும் எண்ணிக்கை சமமாகவில்லை. ஆயினும் முற்றிலும் ஆண்களின் உலகமாக இருந்த 'லும்பென்' காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

இடித்ததைக் கட்டுவது

மீட்பு என்பது ஆள்களை அழைப்பதோடு முடிந்துவிடவில்லை. மூடப்பட்ட முகாம்கள் பல இடங்களில் விற்கப்பட்டு வேறு பயன்பாட்டுக்குப் போயிருந்தன. பயிற்சி தர அதிகாரிகள் போதவில்லை. பலர் ஓய்வு பெற்றோ வேறு வேலைக்குப் போயோ இருந்தனர். சீருடையும் துப்பாக்கியும் வாங்கலாம். இருபது ஆண்டு அனுபவமுள்ள பயிற்றுநரை வாங்க முடியாது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 என்ற சிறிய எண்ணை வைத்ததற்கு இதுவும் காரணம். 2020-இல் எடுத்த பாதுகாப்பு முடிவில், 2025-க்குள் ஆண்டுக்கு 8,000 பேர் என்ற இலக்கு வைக்கப்பட்டது. நிறுத்துவதற்கு ஒரு நாள் வாக்கெடுப்பு போதுமானதாக இருந்தது. மறுபடியும் பழைய நிலையின் சிறு பகுதியை எட்டுவதற்கே பத்தாண்டு பிடிக்கிறது.

அண்டை நாடுகள் வெவ்வேறு வழியில் சென்றன. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் நீண்ட எல்லையைக் கொண்ட பின்லாந்து, கட்டாயச் சேவையை ஒருபோதும் கைவிடவில்லை. ஆகவே அங்கே மீட்பது பற்றிய விவாதமும் எழவில்லை. டென்மார்க்கும் முறையை விட்டுவிடாமல், போதிய தன்னார்வலர் வராதபோது மட்டும் குலுக்கல் சீட்டில் ஆள் எடுத்தது. நார்வே 2015 முதல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. லித்துவேனியா 2008-இல் நிறுத்தி, கிரிமியா நிகழ்ச்சிக்குப் பின் 2015-இல் மீட்டது. ஜெர்மனி 2011-இல் நிறுத்தியது. பின்னர் அங்கே விவாதம் மூண்டபோது பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ் சுவீடன் முறையையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார்.

2018 மே, ஜூன் மாதங்களில் சுவீடன் அரசு, நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் சிறு கையேட்டை 48 இலட்சம் வீடுகளுக்கு அனுப்பியது. உணவு, நீர், போர்வை, வானொலி என ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியவற்றின் பட்டியல் அதில் இருந்தது. பதினாறு வயது முதல் எழுபது வயது முடியும் வரை நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் மொத்தப் பாதுகாப்புக் கடமைக்கு உட்பட்டவர் என்பதையும் அது நினைவூட்டியது. பழைய சட்டத்திலேயே இருந்த இவ்விதியைப் பலர் அன்றுதான் முதன்முறையாக வாசித்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் போர் தொடுத்தபின், இரு நூற்றாண்டுக் காலம் கூட்டணிகளுக்கு வெளியே நின்ற சுவீடன் 2024 மார்ச் 7 அன்று நேட்டோவில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில், தீயணைப்பு, மீட்புப் பணி போன்ற குடிமைத் துறைகளுக்கான கட்டாயப் பணியும் மீண்டும் இயக்கப்பட்டிருந்தது. கூட்டணியில் சேர்ந்த பின்னரும் பதினெட்டு வயதினருக்கான வினாத்தாள் நிற்கவில்லை, ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது.